பேர் வெட்டிய டம்ளர்களும் ஓர் இயந்திரக் கையும்

1

இன்று காலை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது ஓர் எவர்சில்வர் டம்ளர் கை நழுவிக் கீழே விழுந்தது. உருண்டு போய் ஃப்ரிட்ஜில் மோதி, ஒரு சுற்று சுற்றிவிட்டு அடங்கியது. ஊரில் என்றால் கூடத்திலிருந்து "யாரு அங்க பாத்திரத்த உருட்டறது?" என்று ஓர் அதட்டல் வந்திருக்கும். இங்கே முதலில் சக்கர நாற்காலி அதிரும் சத்தம் கேட்டது, அதன் பின்னால் ஒரு சிரிப்பு. என் மகன் கார்த்திதான். அம்மா கையிலிருந்து ஏதாவது விழுந்தால் அவனுக்கு அன்றைய பொழுது நல்லபடியாக விடிந்தது என்று அர்த்தம்.

அணுபுரம் குவார்ட்டர்ஸில் எங்களோடு குடியிருந்தவர்கள் ஒரு மலர் கொண்டுவருகிறார்களாம். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அங்கத்திய வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பனி, டூலிப் பூ, சைக்கிள் எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நாங்கள் நெதர்லாந்துக்கு வந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. விழுந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தபோது, அதைப் பற்றியே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கார்த்தியை அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பதினாலு வயது. நடக்க மாட்டான். உட்கார வைத்துப் பிடித்துக்கொள்ளாவிட்டால் சாய்ந்துவிடுவான். பேச்சு வராது. கைகள் இரண்டும் அவன் சொன்னபடி கேட்பதில்லை. தலையை மட்டும் வலப்பக்கம் திருப்புவான். திடீரென்று சத்தம் கேட்டால் அவனுக்கு உடம்பு முழுவதும் தூக்கிப் போடும். இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

2

என் வீட்டுக்காரர் கும்பகோணத்துப் பக்கம். அணு ஆராய்ச்சி வேலைக்காக எங்கள் பக்கம் வந்தவர். அவருடைய வேலை என்னவென்று கல்யாணமாகி வெகு நாள் வரை எனக்குப் புரியவில்லை. கிட்டே போய்த் தொடக்கூடாத பொருள்களை, தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் இருக்கும் இரும்புக் கைகளால் எடுத்து வைக்க வேண்டும். இவர் கையை அசைத்தால் அதுவும் அசையும். அங்கே ஒரு பொருள் விழக்கூடாது, சிந்தக்கூடாது, ஒன்றோடொன்று இடிக்கக்கூடாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மனிதர் காப்பி டம்ளரை மேஜையில் வைத்தால் வைத்ததே தெரியாது. நான் சிங்கப்பெருமாள் கோயில்காரி, விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் சாதாரணமாகப் பேசிக்கொள்வதையே அவர் முதலில் சண்டை என்று நினைத்துக்கொண்டு வாசல் பக்கம் நழுவிவிட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் கார்த்தி செங்கல்பட்டில் பிறந்தான். பிறந்ததும் அழவில்லை. மூச்சு வரத் தாமதமாகிவிட்டது. அதற்குள் மூளையில் ஏற்படவேண்டிய கெடுதல் ஏற்பட்டுவிட்டது என்று பிறகு தெரிந்தது. யார் மேலும் குற்றமில்லை, நானும் யாரையும் நொந்துகொள்ளவில்லை. நொந்துகொள்ள நேரமும் இல்லை.

சத்தம் கேட்டால் தூக்கிப் போடுகிறது என்று தெரிந்த பிறகு எங்கள் குவார்ட்டர்ஸே அடங்கிப்போனது. குக்கர் விசில் வருமுன் அடுப்பை அணைப்பேன். பாத்திரங்களுக்கு அடியில் பழைய துண்டை விரித்தேன். போகியன்று விடியற்காலையில் தெருப் பிள்ளைகள் எல்லாம் மேளத்தைத் தட்டிக்கொண்டு வருவார்கள் அல்லவா, எதிர் வீட்டு மேரியக்கா அவர்களைக் கூட்டி என்ன சொன்னாரோ, எங்கள் வரிசைக்கு வந்ததும் மேளத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பூனை மாதிரி நடந்து போய், அந்தக் கடைசியில் மறுபடி அடிக்க ஆரம்பிப்பார்கள். மேரியக்கா இந்த மலரைப் படிப்பார். அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கெங்கோ இருப்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் என் நன்றியைச் சொல்லக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் இது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குப் போவோம். அந்த ஊர்ப் பழைய கோட்டைக்குப் பின்னால் ஈர மணலில் இவர் குழி தோண்டி, கார்த்தியை இடுப்பு வரை இறக்கி மணலைப் போட்டு மூடுவார். உடம்பு நிமிரும் என்று அங்கே எல்லோரும் சொன்னார்கள். நிமிர்ந்ததோ இல்லையோ, யாரும் பிடிக்காமல் அவன் நேராக உட்கார்ந்து கடலைப் பார்த்த இடம் அது ஒன்றுதான். மூத்தவள் திவ்யா அவன் முன்னால் மணல் கோபுரம் கட்டுவாள். அலை வந்து அதைச் சரித்துவிட்டுப் போகும். திவ்யா அழுவாள், கார்த்தி சிரிப்பான். அலையைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையே அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது என்று என் தம்பி சொன்னான்.

தம்பி பெயர் ஏழுமலை. தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வேன் ஓட்டுகிறான். கார்த்திக்குக் காது குத்தியபோது தாய்மாமன் சீர் கொண்டுவந்தான். தாம்பாளத்தில் பழம், வேட்டி, சட்டை இவற்றோடு ஆறு எவர்சில்வர் டம்ளர். ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாகக் 'கார்த்திக்' என்று பேர் வெட்டியிருந்தது. வந்திருந்த உறவுக்காரி ஒருத்தி, டம்ளரைப் பிடிக்கக் கை கூடாத பிள்ளைக்கு டம்ளர் எதற்கு என்று என் காது படவே கேட்டாள். ஏழுமலை திரும்பிப் பார்த்து, "அவன் பேரு வெட்டி கீதுல்ல? அவன் சாமான் அது. அவன் இன்னா வேணா பண்ணுவான்" என்றான். அன்றைக்கு அது வீம்புக்குச் சொன்ன பேச்சு.

3

அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு இவர் ஏன் வெளிநாடு போகிறார் என்று குவார்ட்டர்ஸில் பலருக்கு ஆச்சரியம். இங்கே தொழிற்சாலைகளுக்கு இயந்திரக் கை செய்கிற ஒரு கம்பெனியில் இடம் கிடைத்தது. கார்த்தி மாதிரிப் பிள்ளைகளுக்கு இந்த நாட்டில் வசதி உண்டு என்று யாரோ சொன்னார்கள். கிளம்பிவிட்டோம். பெட்டியில் எடை பார்த்துப் பார்த்து நான் எடுத்து வைத்தவற்றில் அந்த ஆறு டம்ளரும் இருந்தன. அரிசி வைக்க வேண்டிய இடம் என்று இவர் முனகினார்.

இந்த ஊர் அலுவலகங்களைப் பற்றித் தனியாக ஒரு மலரே போடலாம். ஒவ்வொரு வருஷமும் ஒரு கடிதம் வரும்: உங்கள் மகனின் உடல்நிலை மாறிவிட்டதா, அவன் இப்போது நடக்கிறானா? ஒவ்வொரு வருஷமும் இல்லை என்று பதில் போடுவோம். முதலில் எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு, வருஷத்துக்கு ஒரு முறையாவது இவன் நடந்துவிட்டானா என்று கேட்க உலகத்தில் ஒரு ஆபீஸ் இருக்கிறதே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

டச்சு பாஷையை நான், கார்த்தி பகலில் போகிற குழந்தைகள் மையத்தில் காதால் கேட்டுக் கற்றுக்கொண்டேன். அங்கே எல்லோரும் பிள்ளைகளோடு பேசுவார்கள், அதனால் எனக்கு வந்ததெல்லாம் நீ, வா, போ மட்டும்தான். பெரிய டாக்டரையும் மையத்துத் தலைவி அம்மாளையும் ஒரு வருஷம் 'நீ' என்றே அழைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். திவ்யா ஒருநாள் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் இங்கே வரும்போது பன்னிரண்டு வயது. ஆறே மாதத்தில் டச்சுக்காரியாகிவிட்டாள். நான் தமிழில் கேட்டால் டச்சில் பதில். கடையில் என் பக்கத்தில் நிற்காமல் இரண்டு அடி தள்ளி நிற்பாள். ஆனால் ஆபீஸ் காரியம் என்றால் அவள்தான் எங்களுக்கு வாய். வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத பெண், தம்பிக்காக அதிகாரிகளிடம் சளைக்காமல் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவளிடம் எனக்கு எந்தக் குறையும் இருக்காது.

மையத்தில் கார்த்தியைப் பார்த்துக்கொண்டவள் மார்லீன். திவ்யாவைவிடப் பத்து வயது பெரியவளாக இருப்பாள். முதல் நாள் என்னை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்ன சாப்பிடுவான், எந்தப் பக்கம் படுப்பான், எப்போது வலிப்பு வரும் என்று கேட்டதற்கெல்லாம் தடங்கல் இல்லாமல் பதில் சொன்னேன். பிறகு, "என்ன விளையாடுவான்?" என்றாள். எனக்குக் கேள்வி புரிந்தது. டச்சில் மட்டுமில்லை, தமிழிலும் பதில் இல்லை. ஏழு வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை, நான் என்னைக்கூடக் கேட்டுக்கொண்டதில்லை.

ஏழுமலை வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். அவன் கேள்வி மாறவே மாறாது: "திவ்யா இன்னா பண்றா? கார்த்தி எப்டி கீறான்?" திவ்யா செய்வதற்கு ஒரு பட்டியல் போட்டுச் சொல்வேன். கார்த்தி நன்றாக இருக்கிறான் என்பேன். அவன் இருந்தான், அவ்வளவுதான். எதையாவது செய்தால்தானே சொல்வதற்கு? அவனை யாரும் திட்டியதில்லை. திட்டும்படி அவன் ஒன்றும் செய்ததும் இல்லை.

4

அவனுக்குப் பத்து வயது முடிந்த சமயம், பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் மையத்துக்கு ஓர் இயந்திரக் கையைக் கொண்டுவந்தார்கள். மேஜையில் பொருத்துகிற சின்னக் கை, தோளும் முழங்கையும் இரண்டு விரலுமாக. சொந்தக் கையால் ஒரு பொம்மையைக்கூடத் தொட முடியாத பிள்ளைகள் இதைக் கொண்டு விளையாட முடியுமா என்று பார்க்கிற முயற்சி. கார்த்தியின் நாற்காலியில் வலது கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டப் பொத்தானை வைத்தார்கள். தலையைத் திருப்பிக் கன்னத்தால் அழுத்தினால் கை அசையும்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆயுள் முழுக்க அவர் செய்த வேலை, இப்போது அவர் மகனைத் தேடி வந்திருக்கிறது. அந்த இரண்டு பேரும் இவருக்கு இதில் இருக்கும் அனுபவத்தைக் கேட்டு அசந்துபோய், கையின் அசைவுகளைச் சரிப்படுத்திக் கொடுக்கச் சொன்னார்கள். வேலை முடிந்து நேராக மையத்துக்குப் போய்விடுவார். கை அதிராமல், இடிக்காமல், பஞ்சைத் தொடுவதுபோல் மரக்கட்டையைத் தொட்டுத் தூக்கியது. கார்த்தி ஒரு தடவை அழுத்தினால் கட்டையை எடுக்கும். இன்னொரு தடவை அழுத்தினால் மற்றொரு கட்டையின் மேல் வைக்கும். வைக்கிற சத்தம்கூட வராது. மேஜையில் மெத்தை மாதிரி ஒரு விரிப்பு வேறு.

"பாத்தியா, அடுக்கறான். என் புள்ள அடுக்கறான்" என்றார் என்னிடம். கண் கலங்கியிருந்தது. நானும் கலங்கினேன்.

கார்த்தி முதல் வாரம் இரண்டொரு தடவை அழுத்தினான். அடுத்த வாரம் மார்லீன் கெஞ்ச வேண்டியிருந்தது. அதற்கடுத்து, கையை மேஜையில் மாட்டியதும் கொட்டாவி விட ஆரம்பித்தான். ஒருநாள் நன்றாகத் தூங்கியே விட்டான். இவர் அசைவில் ஏதோ குறை இருக்கிறது என்று இன்னும் மெதுவாக்கினார், இன்னும் வழுவழுப்பாக்கினார்.

திவ்யாதான் ஒருநாள் மாலை பார்த்துவிட்டு டச்சில் சொன்னாள். எனக்குப் புரியவில்லை என்று நினைத்துத் தமிழிலும் சொன்னாள்: "அவன் விளையாடலம்மா. அப்பாதான் விளையாடறார்." அப்பனை இப்படிப் பேசலாமா என்று நான் அதட்டினேன். அதட்டினேனே தவிர, அந்தப் பேச்சு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மையத்தில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்று வகுப்பு. படம் காட்டி, பொத்தான் அழுத்தவிட்டு, இது வேண்டுமா அது வேண்டுமா என்று பிள்ளைகளுக்குச் சொல்லப் பழக்குவார்கள். மற்றது கவனிப்புப் பிரிவு. அங்கே சுத்தமாக வைத்து, நேரத்துக்குச் சாப்பிடக் கொடுத்து, பாட்டுப் போட்டு இதமாகப் படுக்க வைப்பார்கள். அன்பான இடம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே போனால் இயந்திரக் கை கிடையாது, பொத்தான் கிடையாது, இவனை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தான் செய்வதால்தான் ஒன்று நடக்கிறது என்று கார்த்திக்குத் தெரிந்த மாதிரியே இல்லை என்று மையத்தில் கருதினார்கள். கோடை விடுமுறைக்கு முன் வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்ப்பார், அதன் பிறகு பிரிவை மாற்றலாம் என்று தலைவி அம்மாள் எங்களிடம் சொன்னார். சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். கெட்ட சேதியை இவர்கள் இவ்வளவு பதமாகச் சொல்வார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

5

அந்த வருஷப் பொங்கலுக்கு மையத்தில் வேலை செய்கிறவர்களுக்காகப் பாயசம் செய்து எடுத்துப் போனேன். காகிதக் கோப்பையில் பாயசம் கொடுக்க மனசு வரவில்லை. கார்த்தியின் பேர் வெட்டிய டம்ளர்களைக் கொண்டுபோனேன். மார்லீன் குடித்துவிட்டு அந்தப் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்து, என்ன எழுத்து என்று கேட்டாள். கார்த்திக் என்று சொன்னதும், ஒவ்வொரு டம்ளராக எடுத்து ஆறிலும் அதே பெயரா என்று பார்த்தாள்.

கழுவிய டம்ளர்களை மூன்று, இரண்டு, ஒன்று என்று மேல் மேலாக மேஜை ஓரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு நான் கை துடைக்கப் போனேன். கார்த்தி அதே மேஜையில்தான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். நான் திரும்பி வருவதைப் பார்க்கத் தலையைத் திருப்பினான். கன்னம் பொத்தானில் பட்டது. இயந்திரக் கை கிளம்பி, கட்டையை எடுக்கப் போகிற வழியில் டம்ளர்களைத் தள்ளிக்கொண்டே போனது. ஆறும் தரையில் விழுந்தன. மெத்தை விரிப்பு மேஜையில்தான், தரை வெறும் டைல்ஸ். அந்தக் கட்டடம் கட்டிய நாளிலிருந்து அப்படி ஒரு சத்தம் கேட்டிருக்காது.

கார்த்திக்குத் தூக்கிப் போட்டது. நான் ஓடினேன். அவனை அணைத்துக்கொள்ளப் போனபோதுதான் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தான். தரையில் இன்னும் ஒரு டம்ளர் உருண்டுகொண்டிருந்தது. அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மார்லீன் டம்ளர்களைப் பொறுக்கி அதே இடத்தில் அடுக்கினாள். கையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாள். கார்த்தி தலையைத் திருப்பினான். மறுபடி அதே சத்தம். எதிர் அறையிலிருந்து ஆள்கள் எட்டிப் பார்த்தார்கள், எனக்கே உடம்பு அதிர்ந்தது. அவனுக்கு மட்டும் தூக்கிப் போடவில்லை. அவன் கத்திச் சிரித்தான். மூன்றாவது தடவை அடுக்கி முடிப்பதற்குள் தலை பொத்தானுக்குப் போய்விட்டது.

சதுரங்கப்பட்டினத்துக் கரையில் அவன் எதைப் பார்த்துச் சிரித்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கோபுரம் சரிந்ததைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். இத்தனை வருஷம் நாங்கள் அவனைச் சுற்றி ஒரு பொருளும் விழாமல் பார்த்துக்கொண்டோம்.

6

இவரிடம் சொன்னபோது சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். கை எதையும் இடித்துத் தள்ளக்கூடாது, அது தப்பான அசைவு, அதை நான் சரி செய்துவிடுகிறேன் என்றார். சரி செய்யாதீர்கள் என்றேன். வேண்டுமென்றே தள்ளுகிற மாதிரி, வேகமாகத் தள்ளுகிற மாதிரி மாற்றிக் கொடுங்கள் என்றேன்.

தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு, "இத்தன வருஷத்துல என் கையிலேர்ந்து ஒரு பொருள் கீழ விழுந்ததில்ல. தெரியுமா?" என்றார்.

"தெரியும். அவன் கையிலேர்ந்தும் ஒண்ணும் விழல. அதாங்க கஷ்டமா கீது" என்றேன்.

இந்த மனிதரைப் பற்றி நான் நிறையக் கிண்டல் செய்துவிட்டேன். இதையும் எழுத வேண்டும். அடுத்த நாளே மையத்துக்குப் போனார். விரிப்பை எடுத்துச் சுருட்டி வைத்தார். கையின் வேகத்தைக் கூட்டி, பக்கவாட்டில் வீசுகிற மாதிரி மாற்றினார். முதல் தடவை டம்ளர்கள் பறந்தபோது கண்ணை மூடிக்கொண்டார் என்று மார்லீன் சொன்னாள். ஆனாலும் ஒரு பழக்கத்தை மட்டும் அவரால் விட முடியவில்லை. டம்ளர்களை அடுக்கும்போது ஒன்று அரை விரல் அளவு விலகியிருந்தாலும் எழுந்து போய் நேராக்கிவிட்டு வருவார். எப்படியும் விழப்போகிற டம்ளர்.

7

அதிகாரி நல்ல உயரம், குறைந்த பேச்சு. திவ்யா பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு எங்களோடு வந்திருந்தாள். இவர் இஸ்திரி போட்ட சட்டையில் வேர்த்துக்கொண்டிருந்தார்.

மார்லீன் சொன்னதையெல்லாம் அதிகாரி கேட்டுக்கொண்டார். பிறகு, இந்தப் பையன் தலையைத் திருப்புவது தற்செயலாகவும் இருக்கலாம், சத்தம் கேட்டால் எந்தக் குழந்தையும் சிரிக்கும் என்றார். நியாயமான பேச்சுதான். திவ்யா எனக்கு மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டாள். நானாகவே புரிந்துகொண்டேன்.

அவனே தள்ளினால் சத்தத்துக்கு அவனுக்குத் தூக்கிப் போடாது, முதலில் நான் தள்ளுகிறேன், பாருங்கள் என்று மார்லீன் தன் கையில் இன்னொரு பொத்தானை எடுத்துக்கொண்டாள். கார்த்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அழுத்தினாள். டம்ளர்கள் விழுந்தன. அவனுக்கு உடம்பு தூக்கிப் போட்டது, கைகள் விரிந்தன, முகம் வெளிறியது. அவனைத் தட்டிக் கொடுத்துச் சமாதானப்படுத்தினோம். அதிகாரி தலையாட்டினார்.

பிறகு அவன் முறை. மார்லீன் அடுக்கி வைத்துவிட்டு விலகினாள். கார்த்தி அழுத்தவில்லை.

எல்லோரும் காத்திருந்தோம். அவன் டம்ளர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். தலை அசையவில்லை. அதிகாரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கவனிப்புப் பிரிவின் அந்த வெள்ளைத் திரைச்சீலைகள்தான் கண் முன்னால் வந்தன. இவன் அங்கே கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான், நான் ஏழுமலையிடம் நன்றாக இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

என் வீட்டுக்காரரால் சும்மா உட்கார முடியவில்லை. மேலே இருந்த டம்ளர் கொஞ்சம் கோணலாக இருந்ததாம். எழுந்து போனார். இரண்டு விரலால் அதைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நேராக்கினார்.

கார்த்தி தலையைத் திருப்பினான்.

கை வீசியது. ஆறு டம்ளரும் இவர் விரலுக்குக் கீழிருந்து பறந்தன. ஒன்று அதிகாரியின் காலடிக்கே போனது. இவர் பின்னால் துள்ளி விழப்போய் மேஜையைப் பிடித்துக்கொண்டார். கார்த்திக்கு ஒரு மயிர்க்கால்கூட அசையவில்லை. அவன் டம்ளர்களைப் பார்க்கவும் இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தான், மூச்சு வாங்கும் வரை சிரித்தான்.

அதிகாரி குனிந்து டம்ளரை எடுத்தார். அவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. உங்களை எப்போதும் இப்படித்தான் சீண்டுவானா என்று இவரிடம் கேட்டார்.

இல்லை, இதுதான் முதல் தடவை என்று இவர் டச்சில் சொன்னார். திவ்யா எழுந்து போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடித்து வெகு காலமாகியிருந்தது.

அதிகாரி தன் கையிலிருந்த டம்ளரைத் தானே கொண்டுபோய் மேஜையில் வைத்தார். நன்றாகக் கோணலாக வைத்தார்.

8

கார்த்தி வகுப்பிலேயே இருக்கிறான். இப்போது டம்ளர் மட்டுமில்லை, மாவுக் கிண்ணத்தைக் கவிழ்க்கிறான், பந்தைத் தள்ளுகிறான், எது வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் எது அதிகம் சிந்துமோ அதைத்தான் கேட்கிறான். அந்தப் பல்கலைக்கழகத்து ஆள்களுக்கும் மார்லீனுக்கும் நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் ஒவ்வொரு பொங்கலுக்கும் பாயசம் கொண்டுபோகிறேன். டம்ளர்கள் எல்லாம் நசுங்கிவிட்டன. பேர் மட்டும் இன்னும் படிக்கக் கிடைக்கிறது.

அதிகாரி வந்து போன அந்த வார ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மையத்தில் கேட்டு அந்த இயந்திரக் கையை விடுமுறைக்கு வீட்டுக்கு எடுத்து வந்திருந்தோம். இவர் சாப்பாட்டு மேஜையில் அதை மாட்டி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "மெதுவா, மெதுவா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கார்த்தி அவர் முடிப்பதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தான். அப்போது ஏழுமலையின் போன் வந்தது. வழக்கம்போல் ஆரம்பித்தான். "திவ்யா இன்னா பண்றா?" என்று கேட்டுவிட்டு, "கார்த்தி எப்டி..." என்று வாய் எடுத்தபோது ஆறு டம்ளரும் விழுந்தன.

"இன்னாக்கா சத்தம் அது?"

"உன் மருமவன்தான்டா. பாத்திரத்த உருட்டினு கீறான்."

அந்தப் பக்கம் வேனின் இஞ்சின் ஓடுவது கேட்டது. அதை அணைத்தான்.

"யாரு, கார்த்தியா?"

"ஆமாடா. நீ பேரு வெட்டிக் குடுத்தல்ல, அந்த டம்ளரு."

"போன அவன் காதுல வையி" என்றான்.

வைத்தேன். எங்கள் சிங்கப்பெருமாள் கோயில் தொண்டை, போன் தேவையே இல்லாமல் மேஜை வரைக்கும் கேட்டது.

"டேய்! எவன்டா அவன், வூட்டுல பாத்திரத்த உருட்டறவன்? வந்தன்னா முதுகுல ரெண்டு வெச்சிருவேன், பாத்துக்க!"

அந்தச் சத்தத்துக்கு உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. பிறகு கார்த்தி விழுந்து விழுந்து சிரித்தான். பிறந்ததிலிருந்து அவன் வாங்கிய முதல் திட்டு அதுதான். இவர் குனிந்து தரையில் கிடந்த டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.